மேடையை விட்டு இறங்காத மேனேஜர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூனைமேல் கோபம் இல்லை. ஐந்தறிவு ஜீவனிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது? ஆறாவது அறிவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்த மூன்று பேர் என் வீட்டில் இருக்கிறார்கள். இருக்கிற கோபம் அவர்களுக்கே பற்றவில்லை.

நான் வீட்டில் கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், கல்யாணம், ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லி, வாய்வழியாகவே வளர்ந்த தொழில். பெரிய மருத்துவமனைக்கு எதிரே காபிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள் என் எலுமிச்சை கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "தினமும் காலைல இது எனக்கு வேணும். உங்களால முடியுமா?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான். கடைக்குப் பொருள் கொடுப்பதானால் சுகாதார அலுவலகத்தின் உரிமம் வேண்டும். அவர்கள் வந்து என் சமையலறையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். என் சமையலறையில் தரையில் கொட்டினால்கூட எடுத்துச் சாப்பிடலாம்.

ஆய்வாளர் அம்மா கையில் ஒரு டார்ச்சோடு வந்தார். கேக் வேகவைக்கிற மின்சார அவனுக்குப் பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். புகைபோக்கி விசிறியின் மேல் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. மாவு டப்பாக்களின் மூடியைத் திறந்து மூடினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தது.

மேனேஜர் எங்கள் வீட்டுப் பூனை. கல்லூரிக்குப் போன என் மகள் ஒருநாள் செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் வைத்தவர் என் கணவர். "ஒரு வேலையும் செய்யாது, மத்தவங்க செய்யிறத ஒக்காந்து பாக்கும். அப்படியே எங்க மேனேஜர்தான்" என்று சொல்லி அவரே சிரித்தார். அந்த வர்ணனை இந்த வீட்டில் இன்னும் சிலருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பொறுமை இருந்தது.

மேனேஜர் ஒரே தாவலில் சமையல் மேடைமேல் ஏறியது. ஆறிக்கொண்டிருந்த கேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கி நிதானமாக நக்க ஆரம்பித்தது.

"இது யாரு?" என்றார் ஆய்வாளர்.

"மேனேஜர்" என்றார் என் மாமனார், ஏதோ மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற பெருமையில்.

ஆய்வாளர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். நல்ல மனுஷி, கத்தவில்லை. "சுத்தமெல்லாம் எனக்குத் திருப்திம்மா. ஆனா விக்கிற சாப்பாடு செய்யிற எடத்துல மிருகம் வரக்கூடாது. கதவு வெச்ச தனி ரூம் இருந்தா அதுல செய்யுங்க. இல்ல, இது மேடைப் பக்கமே வராதுன்னு எனக்குக் காட்டுங்க. மாசக் கடைசிப் புதன்கிழமை திரும்ப வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா மனுவத் தள்ளிட வேண்டியதுதான். அப்புறம் அடுத்த வருஷம்தான் போட முடியும்."

காபிக்கடை அம்மா அடுத்த வருஷம் வரை எலுமிச்சை கேக்குக்காக வாயைத் திறந்துகொண்டா உட்கார்ந்திருப்பார்?

என் சமையலறைக்குக் கதவு கிடையாது. சுவரே கிடையாது. இருந்தது. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் லிஃப்ட் மாட்டப் போனவர், அங்கே சமையலறையும் ஹாலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரே வாரத்தில் எங்கள் சுவரை இடித்துவிட்டார். "நீ தனியா கெடந்து வேல செய்யிறியே. இப்ப நாங்க எல்லாரும் உன் கூடவே இருக்கிற மாதிரி இருக்கும் பாரு" என்றார். அன்றிலிருந்து எல்லோரும் என் கூடவேதான் இருக்கிறார்கள். கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, கை மட்டும் ஒருத்தருக்கும் வருவதில்லை.

கதவு வைத்த தனி அறை ஒன்றும் இருக்கத்தான் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால், ஒருகாலத்தில் துணி துவைக்கிற அறையாக இருந்தது. குழாய் உண்டு, தொட்டி உண்டு, நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் உண்டு. ஒரு மனுஷி நிம்மதியாக நின்று மாவு கலக்க அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்குள் என் கணவரின் சொத்து இருந்தது. பழைய லிஃப்டுகளிலிருந்து கழற்றிய பட்டன்கள், மோட்டார்கள், கம்பிக்கயிறு, கப்பிகள், ஓட்டை மீன்தொட்டி. அதன்மேல் என் மாமனாரின் தகரப்பெட்டி. நாலு வருஷமாக அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு வருஷமாக அவர் "ஒருநாள் பாத்து ஒழிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆய்வாளர் போன பிறகு மறுபடி கேட்டேன். அவர் முகம் உடனே களைத்துப்போய்விட்டது. "அந்த ரூமா? அதுல எவ்ளோ சாமான் கெடக்குது தெரியுமா? எங்க கொண்டு போய் வெக்கிறது?"

"ஒரு பூனைக்காக யாராவது ஒரு ரூமையே காலி பண்ணுவாங்களா?" என்றார் மாமனார். "பூனையப் பழக்கிட்டாப் போச்சு."

"ஆமாம்மா, ஈஸிதான். போன்ல நெறைய வீடியோ இருக்கு" என்றாள் மகள்.

அப்படித்தான் பூனையைப் பழக்குவது என்று சாப்பாட்டு மேசையில் முடிவானது. ஒரு அறையைக் காலி செய்வதைவிட ஒரு பூனையின் புத்தியை மாற்றுவது சுலபம் என்று மூன்று பேரும் ஒரே மனதாக நினைத்தார்கள். நானும் தலையாட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மேடையின் ஓரமெல்லாம் ஒட்டுநாடாவைப் பசை மேலே இருக்கும்படி ஒட்டினோம். காலில் ஒட்டினால் பூனைக்குப் பிடிக்காதாம். பூனை அதைத் தாண்டி நடு மேடையில் குதித்தது. என் முழங்கை ஒட்டிக்கொண்டது, மாமனாரின் சட்டைக்கை ஒட்டிக்கொண்டது, ஒருநாள் மொத்த மாவுச் சல்லடையும் ஒட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. ஆரஞ்சுத் தோல் வைத்தோம். அது தோலைக் கீழே தட்டிவிட்டு விளையாடியது. அலுமினியத் தாள் விரித்தோம். அதன் சத்தம் பூனைக்கு ரொம்பப் பிடித்துப்போய், தூங்குகிற இடமே அதுதான் என்று ஆகிவிட்டது. கடைசியில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். "ஏறினா மூஞ்சில அடி" என்றார் கணவர்.

"நானா?"

"நீதான எப்பவும் கிச்சன்ல இருக்க."

சரி என்று அடித்தேன். பூனை என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தது. முன்பெல்லாம் நான் கிரீம் அடிக்கும்போது என் காலடியில் சுருண்டு கிடக்கும். அது போயிற்று. நான் உள்ளே வந்தால் சோஃபாவுக்கு அடியில் போய் அங்கிருந்து முறைக்கும். வீட்டில் எல்லோருக்கும் செல்லம், எனக்கு மட்டும் எதிரி. நல்ல வேலைப் பங்கீடு!

மாமனார் தனி வழி எடுத்தார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் விசிலைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். "நீ தண்ணிய அடிச்சு அதப் பயமுறுத்துற. அன்பாச் சொல்லணும்மா. ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. அறுபது பேர் ஏறின பஸ்ஸையே கட்டுப்படுத்தினவன் நான், இது எம்மாத்திரம்?" பூனை மேடையில் ஏறியதும் ஒரு விசில் அடிப்பார். திடுக்கிட்டு இறங்கும். இறங்கியதும் ஒரு துண்டு மீன் கொடுப்பார். இரண்டு மூன்று நாளிலேயே விசில் அடித்த மாத்திரத்தில் இறங்கப் பழகிவிட்டது. வீட்டில் ஒரே கைதட்டல். மகள் வீடியோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. இறங்குவது சரிதான், ஏறுவது ஏன் அதிகமாகிறது? முன்பு காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் என்று ஏறிக்கொண்டிருந்தது. இப்போது எப்போது பார்த்தாலும் விசில் சத்தம். வீடா பஸ் நிலையமா என்று தெரியவில்லை. கேட்டால், "பழகுது இல்ல, கொஞ்சம் பொறு" என்றார் மாமனார்.

அந்த வாரம் ஒரு தலைமை ஆசிரியைக்கு வழியனுப்பு விழா. வெள்ளை வெளேரென்று கிரீம் பூசி, ஓரத்தில் சர்க்கரையில் செய்த சிறு பூக்களாக வைத்து ஒரு பெரிய கேக். கிரீமைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழைத்து எடுக்கக் காலை முழுவதும் பிடித்தது. பெட்டிக்கு நாடா தீர்ந்துவிட்டது என்று கடைக்கு ஓடினேன். "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் சோஃபாவில் வரிசையாக உட்கார்ந்து, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகக் கேக்கிடம் போனேன். இடதுபக்க மூலையில் ஒரு பூ கூடுதலாக இருந்தது. நான் வைக்காத பூ. நான் பெற்ற பிள்ளையின் முகத்தில் புதிதாக ஒரு மச்சம் வந்தால் எனக்குத் தெரியாதா? பூவை எடுத்தேன். அடியில் ஒரு பள்ளம், பள்ளத்தை நிரப்பி மஞ்சளாக ஏதோ பூசியிருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். ரொட்டிக்குத் தடவுகிற உப்பு வெண்ணெய். அதை வழித்து எடுத்ததும் கீழே அழகான நாலு விரலும் ஒரு உள்ளங்காலும் தெரிந்தன. மேனேஜரின் கையெழுத்து.

"யாரு பூசினது?"

மகள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா மகனைப் பார்த்தார்.

"பொறுமையாக் கேளு" என்று எழுந்தார் கணவர். "லேசா ஒரு காலத்தான் வெச்சது. உடனே அப்பா விசில் அடிச்சு எறக்கிட்டாரு. நான்தான் சரி பண்ணி வெச்சேன். அவங்களுக்குத் தெரியவா போகுது?"

அவங்களுக்குத் தெரியவா போகுது! என் காதுக்குள் குக்கர் விசில் அடித்த மாதிரி இருந்தது. "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! நான் செஞ்சதுன்னு என் பேரச் சொல்லித்தான அவங்க சாப்பிடுவாங்க? உங்க லிஃப்ட்ல ஒரு கம்பி அறுந்து கெடந்தா, மேல ஒரு பூவ ஒட்டிட்டு வருவீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் கையில் இருந்த, கிரீம் வழிக்கிற பட்டைக்கத்தி எங்கே போயிருக்குமோ தெரியாது. அந்தக் கேக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மூன்று பேரும் பார்க்கத்தான் போட்டேன். புதிதாக மாவு கலந்து, வேகவைத்து, ஆறவைத்து, பூசி முடித்தேன். விழா தொடங்குகிற நேரத்துக்கு மூச்சிரைக்கக் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னேன். "ஒண்ணு அந்த ரூம் வேணும். இல்ல, இந்தப் பூனைய யாருக்காவது குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்கு இந்த வாரத்துல நடக்கணும்."

மகள் அழுதாள். கணவர் மறுநாளே பூனையைக் கூடையில் போட்டு, மாமனாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு மிருக டாக்டரிடம் கிளம்பினார். நானும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். என்னதான் சொல்கிறார்கள் என்று என் காதாலேயே கேட்க வேண்டும்.

டாக்டர் சின்ன வயசு. பூனையின் தாடையைச் சொறிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். "விசில் அடிச்சா எறங்குதா?"

"டக்குனு எறங்கும் டாக்டர்" என்றார் மாமனார்.

"எறங்கினதும்?"

"ஒரு துண்டு மீன்."

"அப்ப மீன் வேணும்னா அது என்ன செய்யணும்?"

"எறங்கணும்."

"எறங்கணும்னா?"

மாமனார் யோசித்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. "ஏறணும்" என்றார் மெல்ல.

"நீங்க பூனையப் பழக்கல சார். அதுதான் உங்களப் பழக்கி வெச்சிருக்கு" என்று டாக்டர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி அடிச்சது நீங்களா? அது மேடைக்குப் பயப்படலம்மா, உங்களுக்குத்தான் பயப்படுது. நீங்க இருந்தா ஏறாது, நீங்க நகந்தா ஏறும்."

நான் என் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் இருந்தால் ஈரத் துண்டைக் கொடியில் போடுவார்கள், நகர்ந்தால் நாற்காலியில் போடுவார்கள். நான் இருந்தால் தட்டைக் கழுவி வைப்பார்கள், நகர்ந்தால் அதே மேடையில் வைத்துவிட்டுப் போவார்கள். பூனை மட்டும் தனியாக எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

"வெரட்டிப் பிரயோஜனமில்ல" என்றார் டாக்டர். "அதுக்குன்னு ஒரு எடம் வேணும். உயரமா, ஜன்னலோரமா, கொஞ்சம் கதகதப்பா. கதவச் சாத்தினா யாரும் தொந்தரவு பண்ணாத எடம். தனக்குன்னு ஒரு எடம் இருந்துட்டா, அது எதுக்கு இன்னொருத்தர் எடத்துல வந்து ஒக்காரப் போகுது?"

என் கணவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார். வருகிற வழியெல்லாம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பாடா, கடைசியில் உறைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். தனக்குன்னு ஒரு இடம் என்று டாக்டர் சொன்னபோது இந்த மனுஷருக்கு என் ஞாபகம் வந்திருக்கும் என்று உண்மையிலேயே நம்பினேன். அன்று ராத்திரிச் சமையலில் அவருக்குப் பிடித்த மாதிரி மிளகைத் தூக்கலாகப் போட்டேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிறந்தநாள் கேக்கைக் கொடுக்கப் போனேன். ஊருக்கு அந்தக் கோடியில் வீடு. திரும்ப மதியமாகிவிட்டது. வாசலிலேயே கணவர் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் மரத்தூள், முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ண மூடிக்கோ" என்றார். மகள் பின்னால் வந்து என் கண்களைப் பொத்தினாள். என் கையைப் பிடித்து ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி நடத்திக்கொண்டு போனார்கள். பின்னறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. புது பெயிண்ட் வாசனை வந்தது. கழுவிவிட்ட தரையின் ஈரம் காலில் பட்டது. நாலு வருஷமாக நான் கேட்ட ஒரே பொருள். திட்டியதையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் மகளின் விரல் நனைந்திருக்கும்.

கையை எடுத்தாள். "சர்ப்ரைஸ்! மேனேஜரோட ரூம்!"

அறை காலியாக இருந்தது. ஒரு பட்டன் இல்லை, ஒரு கப்பி இல்லை. சுவர் வெள்ளையடித்து, ஜன்னல் துடைத்து, தொட்டி தேய்த்து, எல்லாம் பளபளவென்று இருந்தது. ஒரு பக்கச் சுவரில் படிப்படியாக ஜன்னல்வரை மரப்பலகைகள் ஏறிப் போயின. பலகையின் ஓரமெல்லாம் கால் வழுக்காமல் இருக்கக் கம்பளம் ஒட்டியிருந்தது. மேல்பலகையில் ஒரு மெத்தை. குளிர்காலத்தில் மெத்தையைச் சூடாக்கப் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட். மெத்தையின்மேல் மேனேஜர் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"இங்க இருந்த சாமானெல்லாம் எங்க?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"பாதிய இரும்புக்கடைக்குப் போட்டுட்டேன். மீதி எங்க கம்பெனி ஸ்டோர்ல. அங்க எடம் சும்மாத்தான கெடக்குது."

"மாமாவோட பெட்டி?"

"என் கட்டிலுக்கு அடியில கச்சிதமாப் போயிடுச்சும்மா" என்றார் மாமனார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

பெருமையில் என் கணவர் யோசிக்கவே இல்லை. "காலைல நீ போனதும் ஆரம்பிச்சோம். நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டோம்ல! இனிமே அது மேடைப் பக்கமே வராது. எல்லாம் உனக்காகத்தான்."

உனக்காகத்தான். அந்த வார்த்தையோடு என்னுள் மிச்சம் இருந்த ஏதோ ஒன்றும் அறுந்துபோனது.

"அரை நாள் வேல" என்றேன். "அரை நாள்! இதத்தான நான் நாலு வருஷமாக் கேட்டேன்? எப்படியெல்லாம் கேட்டேன்? அடுப்பு வேக்காட்டுல நின்னு கேட்டேன். ஜுரத்துல படுத்துக்கிட்டுக் கேட்டேன். ஆபீசர் அம்மா உங்க மூஞ்சிக்கு நேரா வந்து தனி ரூம் வேணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பக்கூட எடமில்ல. ஒரு பூனை கேட்டதும் எடம் வந்துடுச்சா? அது வாயத் தெறந்து கேக்கக்கூட இல்லையே!"

"ஏம்மா இப்படிக் கத்துற, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார் மாமனார்.

"கேக்கட்டும் மாமா. இந்த வீட்டுலதான் கேக்கல, பக்கத்து வீட்டுலயாவது கேக்கட்டும்."

கணவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்ட எண்ணத்தில் செய்தவரென்றால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். அவர் கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு, பரிசு கொடுத்து அடி வாங்கியவர் மாதிரி நின்றார். "நீ கேட்டப்ப இவ்ளோ முக்கியம்னு தோணல" என்றார். "நீ எப்படியும் சமாளிச்சிடுவன்னு நெனச்சேன்."

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். நான் சமாளித்தேன். சுவரில்லாத அறையில், விசில் சத்தத்துக்கு நடுவில், ஒட்டுநாடா ஒட்டிய முழங்கையோடு சமாளித்துக்கொண்டே இருந்தேன். பூனை சமாளிக்கவில்லை. எத்தனை தரம் இறக்கினாலும் மறுபடி ஏறி உட்கார்ந்தது. அதற்கு அறை கிடைத்துவிட்டது.

நான் கையை நீட்டி மேனேஜரை மெத்தையோடு சேர்த்துத் தூக்கினேன். தண்ணீர் அடிக்கப் போகிறேன் என்று நினைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டது, பாவம். சமையலறைக்குக் கொண்டு போய், மேடையின் நட்ட நடுவில் மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தேன். "ஒக்காரு" என்றேன். "இனிமே உன்ன ஒருத்தரும் எறங்கச் சொல்ல மாட்டாங்க."

"அம்மா! என்னம்மா பண்ற?" என்று ஓடிவந்தாள் மகள்.

"அது எங்க வேணா ஏறட்டும். நீயும் தாத்தாவும் அப்பாவும் அது கூட இருங்க. சுவர ஒடச்சதே எல்லாரும் ஒண்ணா இருக்கத்தான?" பிறகு கணவரிடம் திரும்பினேன். "அவன அந்தப் பக்கம் புடிங்க."

"எத?"

"கேக் வேகவைக்கிற அவன. தூக்குங்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தூக்கினார். அவனைப் பின்னறைக்குக் கொண்டுபோனோம். அந்த பிளக் பாயிண்ட் அதற்குச் சரியாக இருந்தது. லிஃப்ட்காரர் இல்லையா, பூனை மெத்தைக்குக்கூடப் பலமாகத்தான் போட்டிருந்தார். மாவு டப்பாக்கள், சர்க்கரை, முட்டைத் தட்டு, சுழல்தட்டு, கிரீம் அடிக்கிற மெஷின் எல்லாம் போயின. மடக்கு மேசையை ஜன்னலோரம் விரித்தேன். கம்பளத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கேக் தகரங்களைப் பெரியது கீழே சின்னது மேலே என்று படிப்படியாக அடுக்கினேன். பலகைகள் அதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தன. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. தெரிந்தே இருக்கிறது, கைவேலை தெரிந்தே இருக்கிறது இந்த மனுஷருக்கு.

"புதன்கிழமை ஆய்வாளர் அம்மா வர்றப்ப இந்த ரூமத்தான் காட்டப் போறேன்" என்றேன். "அதுவரைக்கும் ஒரு பூனை முடி உள்ள வந்தாலும் யார் கொண்டு வந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்."

மாமனார் வாசற்படியில் தயங்கி நின்றார். "அப்ப ராத்திரிக்கு..."

"அடுப்பு அங்கதான் இருக்கு மாமா. அத யாரும் தூக்கிட்டு வரல."

கதவைச் சாத்திப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

"உள்ள ஒரு தாழ்ப்பாள் போடுங்க."

"வெளிய இருக்கே."

"அது சாமான உள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு. எனக்கு உள்ள வேணும்."

"சரி, நாளைக்கு வேலைலேருந்து வரும்போது..." என்று ஆரம்பித்தவர், தானாகவே நிறுத்திக்கொண்டார். துளைபோடும் மெஷினை எடுத்துவந்தார். பென்சிலால் குறித்தார், துளை போட்டார், ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன நேரத்தில் அவர் செய்து முடித்த முதல் வேலை அது. அந்தப் பக்கம் மேடையில் பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது. மகள் "எறங்கு, எறங்கு" என்று கெஞ்சினாள். மாமனாரிடமிருந்து விசில் வரவில்லை.

கணவர் தூளை ஊதிவிட்டு எழுந்தார். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "சரியா விழுதா, நீயும் ஒருதரம் பாரு" என்றார்.

"நீங்க வெளிய போங்க, பாக்குறேன்" என்றேன்.

அவர் வெளியே போனார். தாழ்ப்பாள் சரியாகவே விழுந்தது.